ஏப்ரல் 3 எப்படி மார்ச் 4 ஆனது? தரவுத்தளத்தில் தேதி, எண் வடிவப் பிழைகளைப் பிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

"போன வாரம் எடுத்த சரக்குக்கு ரெண்டு மாசமா பாக்கின்னு மெசேஜ் வருதே சார், இது நியாயமா?" என்று ஒரு கடைக்காரர் போனில் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பில்லிங்கைப் பழைய சர்வரில் இருந்து புதிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வருக்கு மாற்றிக் கொடுத்திருந்தோம். புது நிதியாண்டு, புது சர்வர் என்று 2024 ஏப்ரல் 1ஆம் தேதி தொடக்கம். கிளைகளில் இருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட்) கோப்புகளாக வந்திருந்த முதல் பத்து நாள் பில்களை 11ஆம் தேதி காலையில் ஏற்றினோம். ஒரு எரர் கூட வரவில்லை. அதுதான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய விஷயம் என்பது பிறகுதான் புரிந்தது.

போனை வைத்துவிட்டு பில் தேதிகளை எண்ணிப் பார்த்தேன். ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று தொடங்கி அக்டோபர் 4 வரை, அத்தனை பில்லும் ஏதோ ஒரு மாதத்தின் 4ஆம் தேதியில் உட்கார்ந்திருந்தது. 01/04/2024 என்பதை ஏப்ரல் 1 என்று நாங்கள் படிக்கிறோம். சர்வர் அமெரிக்க வழக்கப்படி ஜனவரி 4 என்று படித்திருக்கிறது. ஏப்ரல் 4ஆம் தேதி பில்கள் மட்டும் தப்பித்தன. முதல் மூன்று நாள் பில்கள் மார்ச் 31ஐத் தாண்டிப் பின்னால் போய், பழைய நிதியாண்டுக் கணக்கில் விழுந்துவிட்டன. ஆடிட்டருக்கு அதை விளக்கிய அரை மணி நேரத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் கோப்பில் 13ஆம் தேதி பில் ஒன்றே ஒன்று இருந்திருந்தால் போதும். 13ஆவது மாதம் கிடையாது என்று சர்வர் அன்றே கத்தியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டில் 144 தேதிகளில் நாள், மாதம் இரண்டுமே 12க்குள் இருக்கும். அதில் 01/01, 02/02 போன்ற 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 தேதிகள் சத்தமில்லாமல் தவறாகும். மற்ற 221 தேதிகள் எரர் கொடுத்து உங்களைக் காப்பாற்றும்.

தேதி வகை நெடுவரிசைக்குள் போய்விட்ட தேதிக்கு வடிவம் என்று எதுவும் கிடையாது. போஸ்ட்கிரெஸ் அதை 2000 ஜனவரி 1இல் இருந்து எண்ணிய நாட்களாக, ஒரு முழு எண்ணாக வைத்திருக்கிறது. சாய்கோடு, நாள் முன்னா மாதம் முன்னா என்பதெல்லாம் உள்ளே நுழையும் வாசலிலும் வெளியே வரும் வாசலிலும் மட்டும்தான். ஆகவே பிழை எந்த வாசலில் என்று தேடுவதுதான் வேலை. கீழே உள்ள படிகள் அந்தத் தேடலின் வரிசையில் இருக்கின்றன.

முதலில் எதையும் தொடாதீர்கள்

தவறான தேதிகளைக் கண்டதும் அப்டேட் குவெரி எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். முதலில் தானாக ஓடும் இறக்குமதிகளை நிறுத்துங்கள். அப்புறம் அந்த அட்டவணையை அப்படியே வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள். மூலக் கோப்பையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள், ஆனால் எக்செலில் திறந்து பார்க்காதீர்கள். நோட்பேட் போன்ற சாதாரண எடிட்டரில்தான் திறக்க வேண்டும். எக்செல் திறந்தவுடனே தேதிகளைத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும். பழக்கதோஷத்தில் நீங்கள் சேவ் கொடுத்தால் சாட்சியம் போச்சு.

படி 1: உள்ளே இருப்பதும் திரையில் தெரிவதும் ஒன்றா?

நெடுவரிசையின் வகை என்ன என்று முதலில் பாருங்கள். தேதி வகையா, டைம்ஸ்டாம்பா, இல்லை வெறும் டெக்ஸ்டா? டெக்ஸ்டாக இருந்தால் அதில் எந்த வடிவமும் இருக்கலாம், எல்லா வடிவமும் கலந்தும் இருக்கலாம். நான் பார்த்த ஒரு அட்டவணையில் 03/04/2024, 3-ஏப்-24, 2024.04.03 மூன்றும் அடுத்தடுத்த பதிவுகளில் இருந்தன.

தேதி வகையாக இருந்தால், அதைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிபீவர் போன்ற, தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் கருவிகள் தங்கள் அமைப்பில் உள்ள வடிவத்தில்தான் தேதியைக் காட்டும். அப்ளிகேஷன் திரை இன்னும் மோசம்; அதில் பிரவுசரின் மொழி அமைப்பும் விளையாடும். எனவே தரவுத்தளத்திடமே மாதத்தைத் தனியாகக் கேளுங்கள். போஸ்ட்கிரெஸில் எக்ஸ்ட்ராக்ட், இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லில் மன்த்நேம். மாதத்தின் பெயரோ எண்ணோ தனியாக வந்துவிட்டால் குழப்பத்துக்கு இடமில்லை.

ஏப்ரல் என்று வந்தால் உள்ளே சரியாக இருக்கிறது, காட்டும் இடத்தில்தான் கோளாறு. நேராகப் படி 8க்குப் போகலாம். மார்ச் என்று வந்தால் நுழைவாசலில் பிரச்சினை. மாதம் சரி, நாள் மட்டும் ஒன்று குறைகிறது என்றால் அது நேர மண்டலத்தின் வேலை, படி 6.

படி 2: தடயம் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு வடிவப் பிழையும் தனக்கென ஒரு கைரேகையை விட்டுவிட்டுப் போகும். சந்தேகப்படும் நெடுவரிசையை நாள்வாரியாக, மாதவாரியாக, ஆண்டுவாரியாக, மணிவாரியாகக் குரூப் செய்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேயே நிற்பார்.

எங்கள் கதையில் நடந்ததுபோல் ஒரே தொகுதியில் வந்த பதிவுகள் எல்லாம் ஒரே நாள் எண்ணில் குவிந்து, மாதங்கள் மட்டும் பரவிக் கிடந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 12ஆம் தேதிக்கு மேல் பதிவே இல்லாத தொகுதியும் அதே கதைதான்: மற்றவற்றை இறக்குமதி நிரல் எரர் என்று சத்தமில்லாமல் கழித்துவிட்டிருக்கும். கழித்த பதிவுகளின் பட்டியல் எங்காவது லாகில் கிடக்கும், தேடுங்கள்.

ஆண்டு 0024 என்று இருந்தால், இரண்டு இலக்க ஆண்டை நான்கு இலக்க வடிவம் சொல்லிப் படித்திருக்கிறார்கள். டெக்ஸ்டைத் தேதியாக்கும் செயல்பாடுகளான போஸ்ட்கிரெஸின் டூ_டேட், ஆரக்கிளின் டூ_டேட் இரண்டுமே 24 என்பதைக் கிபி 24ஆம் ஆண்டு என்று மரியாதையாக எடுத்துக்கொள்ளும். திரையில் இரண்டு இலக்கம் மட்டும் காட்டினால் இது மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

0000-00-00 என்றால் அது மைஎஸ்க்யூஎல், தவறான மதிப்பை மறுக்கும் ஸ்டிரிக்ட் மோட் அணைந்திருக்கிறது. பிப்ரவரி 31 என்று கொடுத்தாலும் எச்சரிக்கை ஒன்றைப் போட்டுவிட்டுப் பூச்சியத் தேதியை வைத்துவிடும். 5.7 பதிப்பில் இருந்து ஸ்டிரிக்ட் மோட்தான் இயல்புநிலை. ஆனால் பழைய அப்ளிகேஷன் ஓடவேண்டும் என்பதற்காக அதை அணைத்து வைத்த சர்வர்கள் இன்னும் ஏராளம்.

1970 ஜனவரி 1, காலை 5:30 என்றால் எங்கோ ஒரு பூச்சியம் தேதியாகியிருக்கிறது. விநாடிகளை எண்ணி வைக்கும் யூனிக்ஸ் நேரத்தின் தொடக்கம் நம் கடிகாரத்தில் அப்படித்தான் தெரியும். 1970 ஜனவரி 20ஐ ஒட்டி இருந்தால், விநாடிக் கணக்கை மில்லிவிநாடி என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள். மாறாக மில்லிவிநாடியை விநாடி என்று படித்தால் ஆண்டு 56,000ஐத் தாண்டிப் போகும். அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டி தேவையில்லை.

தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45385 போன்ற ஐந்து இலக்க எண் இருந்தால் அது எக்செலின் வரிசை எண். 45385 என்பது 2024 ஏப்ரல் 3. எக்செல் 1900ஐ லீப் ஆண்டு என்று தவறாக நினைக்கிறது, பழைய லோட்டஸ் 1-2-3 உடன் ஒத்துப்போவதற்காக வேண்டுமென்றே வைத்த பிழை அது. அதனால் 1899 டிசம்பர் 30ஐப் பூச்சியமாக வைத்து நாட்களைக் கூட்டினால்தான் இன்றைய தேதிகள் சரியாக வரும்.

மணி நெடுவரிசையில் 18:30:00 குவிந்து கிடந்தால், அது நம் ஊர் நள்ளிரவு, உலகப் பொது நேரமான யுடிசியில். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இதே தடயம் 16:00:00 என்று தெரியும்.

படி 3: யார் படித்தது, எந்த வரிசையில்?

போஸ்ட்கிரெஸில் ஷோ டேட்ஸ்டைல் என்று கேட்டால் "ஐஎஸ்ஓ, எம்டிஒய்" என்றோ "ஐஎஸ்ஓ, டிஎம்ஒய்" என்றோ பதில் வரும். முதல் பாதி வெளியே காட்டும் பாணி. இரண்டாம் பாதிதான் உள்ளே வரும் சாய்கோட்டுத் தேதியைப் படிக்கும் வரிசை. எம்டிஒய் என்றால் மாதம் முதலில்.

"என் மெஷின்ல சரியா ஓடுதே" என்ற வசனத்தின் பின்னணியும் இங்கேதான். தரவுத்தளத்தை முதன்முதலில் நிறுவும்போது, அந்தக் கணினியின் லோகேலை, அதாவது மொழி-நாடு அமைப்பை, பார்த்து இந்த வரிசை அமைப்புக் கோப்பில் எழுதப்படுகிறது. பிரிட்டன் லோகேல் என்றால் நாள் முதலில், அமெரிக்க லோகேல் என்றால் மாதம் முதலில். போஸ்ட்கிரெஸைக் கண்டெய்னரில் (தனிப் பெட்டிபோல் அடைத்த சூழலில்) ஓட்டத் தரும் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் அமெரிக்க லோகேலோடு வருகிறது. எங்கள் பழைய சர்வரில் யாரோ ஒரு புண்ணியவான் டிஎம்ஒய் என்று மாற்றி வைத்திருந்தார். எங்கும் குறித்து வைக்கவில்லை. புதிய சர்வர் கண்டெய்னரில் வந்தது. அவ்வளவுதான் கதை.

இந்த மதிப்பு ஐந்தாறு இடங்களில் இருந்து வரலாம்: அமைப்புக் கோப்பு, அந்தத் தரவுத்தளத்துக்கான தனி அமைப்பு, பயனர் ரோலுக்கான அமைப்பு, கிளையன்ட் கணினியின் சூழல் மாறி, செஷனுக்குள் யாராவது செட் செய்தது. பிஜி_செட்டிங்ஸ் என்ற வியூவில் மதிப்போடு அது எங்கிருந்து வந்தது என்பதையும் சோர்ஸ் என்ற நெடுவரிசை சொல்லும். முக்கியம்: இதை உங்கள் சொந்த லாகினில் பார்க்காமல், இறக்குமதி நிரல் எந்தப் பயனராக இணைகிறதோ அதே பயனராக, அதே இடத்தில் இருந்து இணைந்து பாருங்கள். நான் சூப்பர்யூசராகப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அடித்துச் சொல்லி அசடு வழிந்திருக்கிறேன்.

சரி, டேட்ஸ்டைலை டிஎம்ஒய் என்று மாற்றிவிட்டால் முடிந்ததா? அன்றைக்கு முடியும். அடுத்த சர்வர் மாற்றத்தில் திரும்ப வரும். சர்வரின் அமைப்பை நம்பி நிற்கும் நிரலைத் திருத்துவதுதான் மருந்து.

படி 4: வாசலைச் சரிசெய்தல்

அப்ளிகேஷன் நிரல் தேதியை ஸ்ட்ரிங்காக ஒட்டி குவெரி எழுதுகிறது என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். ஜாவாவோ பைத்தானோ, அந்த மொழியின் தேதிப் பொருளாகவே பாராமீட்டரில் கொடுத்தால், டிரைவர் அதைக் குழப்பமில்லாத வடிவத்தில் எடுத்துப்போகும். இதனால் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (உள்ளீட்டுக்குள் கட்டளையைச் செருகும் தாக்குதல்) ஓட்டையும் கூடவே அடைபடும்.

ஸ்ட்ரிங்காகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் ஆண்டு-மாதம்-நாள். ஐஎஸ்ஓ 8601 தரம் 1988இலேயே வந்துவிட்டது. 2024-04-03 என்று கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் டேட்ஸ்டைல் எதுவாக இருந்தாலும் சரியாகவே படிக்கும். மைஎஸ்க்யூஎல் எதிர்பார்ப்பதும் இந்த வரிசையைத்தான்.

கோப்பில் இருந்து ஏற்றும்போது நேராக இறுதி அட்டவணைக்குள் கொட்டாதீர்கள். எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்டாக உள்ள ஒரு இடைநிலை அட்டவணையில் முதலில் இறக்குங்கள். பிறகு வடிவத்தை வாயால் சொல்லி மாற்றுங்கள்: போஸ்ட்கிரெஸில் டூ_டேட், மைஎஸ்க்யூஎல்லில் எஸ்டிஆர்_டூ_டேட்.

மாற்றிய பிறகு ஒரு சின்ன வேலை. தேதியை மறுபடி அதே வடிவத்தில் ஸ்ட்ரிங்காக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். 03/04/2024 உள்ளே போய் வெளியே வந்தால் 03/04/2024 என்றே இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 10க்கு முந்தைய பதிப்புகளில் டூ_டேட் ஜூன் 40ஐ ஜூலை 10 என்று அமைதியாக மாற்றிக்கொள்ளும். அந்த மாதிரி உருட்டல்களையும், 24 என்பது 0024 ஆவதையும் இந்த ஒப்பீடு பிடித்துவிடும். 3/4/2024 என்று முன்பூச்சியம் இல்லாமல் வந்தவையும் மாட்டும். அவை தவறில்லை என்றாலும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது, கை டைப்பிங் எங்கே நடக்கிறது என்று தெரியும்.

ஒப்பீட்டில் எல்லாம் தேறினாலும் 03/04 உண்மையில் எந்த மாதம் என்பதை இது சொல்லாது. அதற்கு வெளியில் இருந்து சாட்சி வேண்டும்: பில் எண்களின் ஏறுவரிசை, கோப்பு வந்த நாள், எதிர்காலத் தேதி இருக்கிறதா என்ற சோதனை. பில் எண் ஏறும்போது தேதி பின்னோக்கிப் போனால் ஏதோ இடிக்கிறது. எங்களுக்கு இந்த ஒரு சோதனை இருந்திருந்தாலே அந்த போன் வந்திருக்காது.

எக்செல் வழியாக வந்த கோப்பு தனி ரகம். அமெரிக்க அமைப்புள்ள கணினியில் நம் ஊர் சிஎஸ்வியைத் திறந்தால், நாள் 12க்குள் இருப்பவை மாதம் மாறித் தேதியாகிவிடும். 12க்கு மேல் இருப்பவை டெக்ஸ்டாகவே நின்றுவிடும். தேதியானவை செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், டெக்ஸ்ட் இடப்பக்கம். ஒரே நெடுவரிசையில் சில இடது, சில வலது என்று பல்லிளித்தால், அனுப்பியவரிடம் மூலக் கோப்பைத் திரும்பக் கேளுங்கள். எக்செலின் இந்தக் குணத்துக்கு அறிவியலே வளைந்து கொடுத்திருக்கிறது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் அவற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

படி 5: உள்ளே போனதைத் திருத்துதல்

மூலக் கோப்பு இருந்தால் அதில் இருந்து மறுபடி ஏற்றுவதே சிறந்தது. இல்லையென்றால்தான் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் திருத்தம். போஸ்ட்கிரெஸில் மேக்_டேட் செயல்பாட்டுக்கு ஆண்டு, பிறகு நாளை மாத இடத்தில், மாதத்தை நாள் இடத்தில் கொடுத்தால் போதும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தத் திருத்தத்தை இரண்டு முறை ஓட்டினால் எல்லாம் பழையபடி தவறாகிவிடும். திருத்திய தேதியும் திருத்தாத தேதியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே திருத்தப்பட்டது என்று குறிக்க ஒரு நெடுவரிசை சேர்த்து, அது காலியாக உள்ளவற்றை மட்டும் தொடுங்கள். பதிவு உருவான நேரம் அல்லது தொகுதி எண்ணை வைத்து, தவறான தொகுதியை மட்டும் பிரித்தெடுங்கள். தவறினால் திரும்பப் பெற வழியுள்ள டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டி, எத்தனை பதிவு மாறியது என்று எண்ணி, நாள்வாரி எண்ணிக்கையை மறுபடி பார்த்து, அதற்கப்புறம்தான் கமிட். எங்களுக்கு 10 நாளும் தனித்தனியாகப் பிரிந்து வந்தபோது நிம்மதியாக டீ குடிக்கப் போனோம்.

அந்தத் தேதியைக் கொண்டு கணக்கிட்டவற்றை மறக்க வேண்டாம்: வட்டி, நிலுவை நாட்கள், அனுப்பிய மெசேஜ்கள், மாத இறுதிச் சுருக்க அட்டவணைகள். தேதி திருந்தினாலும் அவை தாமாகத் திருந்தா.

படி 6: ஒரு நாள் குறைகிறது

ஏப்ரல் 3 என்று தேர்வு செய்தேன், ஏப்ரல் 2 என்று சேவ் ஆகிறது. இந்தப் புகாரைக் கேட்காத டெவலப்பர் நம் ஊரில் இருக்க முடியாது. ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருள் உள்ளூர் நள்ளிரவை வைத்திருக்கும். அதை டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் மூலம் அனுப்பினால் யுடிசிக்கு மாறி, 5 மணி 30 நிமிடம் பின்னால் போய், முந்தைய நாள் 18:30 ஆகிவிடும். சர்வர் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு நாள் அம்போ. அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. அவருடைய உள்ளூர் நள்ளிரவு யுடிசியில் அதே நாளில்தான் விழும்.

பில் தேதி, பிறந்த தேதி, விடுமுறை தேதி இவையெல்லாம் நேரத்தின் புள்ளிகள் அல்ல, காலண்டரில் ஒரு கட்டம். அவற்றுக்கு நேர மண்டலமே தேவையில்லை. தேதி வகையில் வையுங்கள், பிரவுசரில் இருந்து ஆண்டு-மாதம்-நாள் என்ற ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். பணம் வந்த நேரம், லாகின் செய்த நேரம் போன்றவைதான் உண்மையில் நேரப் புள்ளிகள். அவற்றுக்குப் போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தோடு உள்ள டைம்ஸ்டாம்ப் வகை. மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை யுடிசிக்கு மாற்றிச் சேமித்து, திரும்பக் காட்டும்போது செஷனின் மண்டலத்துக்கு மாற்றும். டேட்டைம் வகை கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து வைத்துவிட்டு ஐந்தரை மணி நேரம் எங்கே போனது என்று தேடுபவர்கள் உண்டு. மைஎஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19 வரைதான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 20 வருடக் கடனின் கடைசித் தவணை இப்போதே அதைத் தாண்டிவிடும்.

வித்தியாசம் 3 மணி 30 நிமிடமாக இருந்தால் ஒரு வேடிக்கையான காரணம். நேரத்தின் பின்னால் ஐஎஸ்டி என்று எழுதிக் கொடுத்தால், 17 வரையான போஸ்ட்கிரெஸ் பதிப்புகள் இயல்பில் அதை இஸ்ரேல் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் 11 மணி நேரமாக இருந்தால், மண்டலத்தை யுடிசி+5:30 என்று யாரோ செட் செய்திருக்கிறார்கள். அந்தப் பழைய போசிக்ஸ் முறையில் கூட்டல் குறி என்றால் கிரீனிச்சுக்கு மேற்கே. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஏஷியா/கொல்கத்தா, இலங்கையில் ஏஷியா/கொழும்பு என்று முழுப் பெயர் எழுதுங்கள்.

படி 7: எண்கள்

தேதியாவது பாதி நேரம் எரர் கொடுக்கும். எண் அதுகூடச் செய்யாது.

டெக்ஸ்ட் நெடுவரிசையில் 1,23,456 என்று ஒரு தொகை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் அந்த நெடுவரிசையின் கூட்டுத்தொகையைக் கேளுங்கள். அது முதல் காற்புள்ளியில் நின்றுவிடும். ஒன்றேகால் லட்சம் வெறும் 1 ரூபாயாகக் கூட்டப்படும். செலக்ட் குவெரி என்பதால் ஸ்டிரிக்ட் மோட் கூடக் காப்பாற்றாது, ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். ஷோ வார்னிங்ஸ் என்று நாமே கேட்டுப் பார்த்தால்தான் அதன் விவரம் தெரியும். அதனால் ஆயிரத்துக்குக் கீழ் உள்ள தொகைகள் சரியாகவும் மேலே உள்ளவை அற்பமாகவும் வந்தால் காற்புள்ளியைச் சந்தேகப்படுங்கள். போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் கறார். எண்ணாக மாற்றவே மாட்டேன் என்று எரர் கொடுத்துவிடும். எனக்கு அந்தக் கறார்தான் பிடிக்கும்.

காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மாற்றினால் போதும்தான், கோப்பு நம் ஊரில் இருந்து வந்திருந்தால். ஜெர்மனியில் 1.234,56 என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்துநான்கு புள்ளி ஐந்து ஆறு. அதில் காற்புள்ளியை நீக்கினால் 1.23456 ஆகிவிடும். வெறும் 1.234 என்று வந்தால் அதைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாது. அனுப்பியவரைக் கேட்பது ஒன்றே வழி.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் அடுத்த தலைவலி. பார்ப்பதற்கு 4500 என்றே இருக்கும், மாற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். 4500க்கு நான்கு எழுத்து, நான்கு பைட். ஐந்து எழுத்து, ஆறு பைட் என்று வந்தால் உடையா இடைவெளி (சாதாரண இடைவெளி போலவே தெரியும் வேறொரு எழுத்து) ஒன்று ஒட்டியிருக்கிறது, இணையப் பக்கத்தில் இருந்து காப்பி செய்ததன் பரிசு. டிரிம் அதை நீக்காது, பெயர் சொல்லி ரீப்ளேஸ் செய்ய வேண்டும். ரூபாய்க் குறி, 500- என்று பின்னால் வரும் கழித்தல், கணக்கர்கள் அடைப்புக்குறிக்குள் போடும் குறை எண், தொகையோடு ஒட்டி வரும் பற்று வரவு எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இதே இடைநிலை அட்டவணையில் விதி எழுதுங்கள். கடைசியில் இலக்கங்களும் ஒரே ஒரு புள்ளியும் மட்டும் மீதமிருக்கிறதா என்று ரெகெக்ஸ் (எழுத்து வரிசையைச் சோதிக்கும் விதி) வைத்துச் சோதியுங்கள். ரெகெக்ஸில் 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதுவது நல்லது. பைத்தான் 3இன் இலக்கக் குறியீடு ௧௨௩ என்ற தமிழ் எண்களையும் இலக்கம் என்று ஏற்கும், முழு எண்ணாக மாற்றினால் 123 என்றும் தரும். தரவுத்தளம் அவ்வளவு தமிழ்ப் பற்றோடு இருக்காது.

வரிசைப்படுத்தும்போது 1000, 200, 30 என்று வந்தால் அந்த நெடுவரிசை டெக்ஸ்ட். வேறு காரணம் தேட வேண்டாம்.

பணத்துக்கு, எண்ணைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகை வேண்டவே வேண்டாம். ஒற்றைத் துல்லிய ஃப்ளோட்டில் ஏழு இலக்கம் அளவுக்குத்தான் நம்பலாம்; கோடியைத் தொடும் தொகையில் பைசா காணாமல் போகும். நியூமெரிக் அல்லது டெசிமல், மொத்தம் 14 இலக்கம், புள்ளிக்குப் பின் 2 என்று வைத்தால் பெரும்பாலான கடைக் கணக்குக்குத் தாராளம். மாறாக ஆதார், போன், வங்கிக் கணக்கு எண்களை எண் வகையில் வைக்காதீர்கள். அவற்றை யாரும் கூட்டப்போவதில்லை, முன்பூச்சியம் போனால் திரும்பி வராது. எக்செல் 12 இலக்க எண்ணை 1.23457இ+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேவ் செய்தால் காட்டுவதைத்தான் எழுதும், மீதி இலக்கங்கள் போயே போச்சு.

படி 8: வெளியே போகும்போது

உள்ளே எல்லாம் சரி, ரிப்போர்ட்டில்தான் தவறு என்றால் வடிவக் குறியீட்டைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் எம்எம் என்றால் மாதம், நிமிடத்துக்கு எம்ஐ. நேரத்தில் எம்எம் என்று எழுதியவரின் ரிப்போர்ட்டில் ஏப்ரல் முழுக்க எல்லா நிகழ்வும் 4 நிமிடத்தில் நடக்கும்: 09:04, 11:04, 17:04. மைஎஸ்க்யூஎல்லில் நிமிடத்துக்குச் சிறிய ஐ. சிறிய எம் மாத எண், பெரிய எம் மாதத்தின் பெயர். ஜாவாவில் பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். அங்கே ஆண்டுக்குப் பெரிய ஒய் போட்டால் அது வாரக் கணக்கு ஆண்டு. 2024 டிசம்பர் 30, 2025 டிசம்பர் 30 என்று அச்சாகும். டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் தலைகாட்டி, லீவு முடிந்து வருவதற்குள் மறைந்துவிடும் பிழை.

லட்சம் கோடிப் பிரிப்புக்குப் போஸ்ட்கிரெஸின் டூ_சார் செயல்பாட்டில் 99,99,99,990.00 என்று நாம் விரும்பும் இடத்தில் காற்புள்ளி வைத்துக் கொடுக்கலாம். தொகை அந்தக் கட்டத்தை மீறினால் #### என்று வரும், அதனால் கட்டத்தைத் தாராளமாக வையுங்கள். இப்படி வடிவம் கொடுத்த ஸ்ட்ரிங்கை மறுபடி கணக்குக்கோ வரிசைப்படுத்தவோ பயன்படுத்தினால் படி 7க்கே திரும்புவீர்கள். வடிவம் கொடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் ஆட்களுக்கு

எஸ்க்யூஎல் சர்வரில் ஐஎஸ்ஓ வடிவம் கூட முழுப் பாதுகாப்பு இல்லை என்றால் நம்புவீர்களா? லாகினின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்து, நெடுவரிசை பழைய டேட்டைம் வகையாக இருந்தால், 2024-04-03 என்பதை ஆண்டு-நாள்-மாதம் என்று படித்து மார்ச் 4 ஆக்கிவிடும். டேட், டேட்டைம்2 வகைகளில் இந்தக் கோளாறு இல்லை. கோடே இல்லாமல் 20240403 என்று கொடுத்தால் எல்லா வகையிலும் சரி. கோப்புத் தேதிகளுக்கு டிரை_கன்வெர்ட், பாணி எண் 103, அதாவது நாள்/மாதம்/ஆண்டு. படிக்க முடியாதவை நல் (காலி மதிப்பு) என்று வரும். எண்ணா என்று சோதிக்கும் ஈஸ்நியூமெரிக்கை நம்ப வேண்டாம், தனி டாலர் குறியைக் கூட எண் என்று சொல்லும்.

ஆரக்கிளில் பொதுவான குற்றம், ஏற்கெனவே தேதியாக இருப்பதை மறுபடி டூ_டேட்டில் போடுவது. அது முதலில் செஷனின் என்எல்எஸ் (மொழி, நாட்டு வழக்கு அமைப்பு) வடிவத்தில் ஸ்ட்ரிங்காகி, பின் தேதியாகும். அமெரிக்க இயல்புநிலையில் ஆண்டு இரண்டு இலக்கம்தான். அதனால் நேரம் தொலையும், 1940இல் பிறந்த தாத்தா 2040இல் பிறப்பார். ஓஆர்ஏ-01843 என்றால் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் நாள் வந்திருக்கிறது. ஓஆர்ஏ-01722 என்றால் எண்ணில் காற்புள்ளி, அல்லது செஷனின் புள்ளிக் குறி மாறியிருக்கிறது.

படி 9: சோதனைத் தரவு

சோதனைக்கு இன்றைய தேதியைப் போடும் பழக்கம்தான் பாதிப் பிழைகளைத் தப்பவிடுகிறது. இன்று 25ஆம் தேதி என்றால் எதுவும் குழம்பாது. நான் வைத்திருக்கும் தேதிகள் இவை: 03/04/2024, 13/04/2024, 29/02/2024, 30/12/2024, ஒரு 31/03 இரவு 11:45, ஒரு 01/04 அதிகாலை 2 மணி. கடைசி இரண்டும் நிதியாண்டு எல்லையையும் யுடிசி எல்லையையும் ஒருசேரச் சோதிக்கும். தொகைகளில் 999.50, 1,000.00, 1,00,000.00, -0.50, அப்புறம் உடையா இடைவெளி ஒட்டிய ஒரு 4500.

இவற்றை உள்ளே அனுப்பி, தரவுத்தளத்தில் மாதத்தைத் தனியாகக் கேட்டு, திரையிலும் பிடிஎஃப்பிலும் எக்செல் ஏற்றுமதியிலும் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள். டேட்ஸ்டைலை எம்டிஒய், டிஎம்ஒய் இரண்டிலும் வைத்து, சர்வர் மண்டலத்தை யுடிசி, கொல்கத்தா இரண்டிலும் வைத்து ஓட்டுங்கள். நான்கு ஓட்டத்திலும் விடை மாறாவிட்டால் நிரல் சர்வரின் அமைப்பை நம்பி நிற்கவில்லை என்று அர்த்தம். எங்கள் பில்லிங் நிரல் முதல் முறை இரண்டில் தோற்றது. இரண்டுமே எம்டிஒய்.